கூலன்ட் எங்கே போகிறது?

கூலன்ட் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய பாதைக்குள் ஊற்றிய அதே திரவம்தான் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாமல் சுற்றிவருகிறது. மாதக்கணக்கில் நூலளவு மட்டம் இறங்குவது இயல்பு. வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கினால், அது எங்கோ வெளியேறுகிறது. வெளியேறும் வழிகள் மூன்றுதான்: சொட்டாகத் தரையில் விழலாம், ஆவியாகப் பறக்கலாம், இன்ஜினின் உள்ளேயே போகலாம். எந்த வழி என்று தெரிந்துகொண்டால் பழுதில் பாதி தீர்ந்தது போல. அது தெரியாமல் கூலன்ட் டேங்கில் ஊற்றிக்கொண்டே ஓட்டினால், சில ரூபாய் ஓ-ரிங்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிப்பதில் போய் நிற்கும்.

ஸ்பிளெண்டர், பழைய புல்லட் போன்ற வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றின் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் காற்று பட்டே சூடு தணியும். சிறிய இன்ஜினிலிருந்து அதிகத் திறனை எடுக்க முனைந்தபோது காற்று மட்டும் போதவில்லை. 2008-இல் யமஹா ஆர்15, 2012-இல் கேடிஎம் டியூக் 200, பல்சர் 200 என்.எஸ்., 2017-இல் ஓசூர் ஆலையின் அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்று ரேடியேட்டர் வைத்த பைக்குகள் இந்தியச் சாலைகளில் பெருகின. 2023-இல் வந்த ஹிமாலயன் 450, ராயல் என்ஃபீல்டு விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் திரவக் குளிர்விப்பு பைக். காரில் மட்டும் பார்த்துவந்த கூலன்ட் ஒழுகல் இப்படித்தான் இருசக்கர வாகனப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது.

சுற்றும் பாதை

பெட்ரோல் எரிவதால் பிறக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றப் பயன்படாமல் இன்ஜின் சுவர்களுக்குச் சூடாகப் போகிறது. சிலிண்டரைச் சுற்றி வார்க்கப்பட்டிருக்கும் வாய்க்கால்களில் ஓடும் கூலன்ட் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்னும் வால்வு ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும். பைக்குக்கு ஏற்ப 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது திறக்கும். ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியக் குழாய்களில் காற்று பட்டுச் சூடு தணிந்த திரவம் மீண்டும் இன்ஜினுக்குத் திரும்பும். நெரிசலில் நின்று காற்று கிடைக்காதபோது மின்விசிறி ஓடும்.

இந்தப் பாதையின் சூட்சுமம் ரேடியேட்டர் மூடியில் இருக்கிறது. கூலன்டில் பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணீர். இந்தக் கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங், காற்றழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு அழுத்தம் உள்ளே சேரும்வரை வழிவிடாது. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும், பிரஷர் குக்கரைப் போல. அதனால் 120 டிகிரியைத் தாண்டினாலும் கூலன்ட் கொதிக்காமல் திரவமாகவே ஓடுகிறது.

சூட்டில் விரியும் கூலன்ட் மூடியின் வால்வைத் தள்ளிக்கொண்டு சிறு குழாய் வழியே ரிசர்வ் டேங்குக்குப் போகும். இன்ஜின் ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, போன திரவம் அதே குழாய் வழியே திரும்ப உறிஞ்சப்படும். அந்தச் சிறு குழாயில் ஒரு கீறல் இருந்தால் திரவத்துக்குப் பதில் காற்று உள்ளே போகும். அப்போது டேங்கில் மட்டம் சரியாகத் தெரியும், ரேடியேட்டரோ வெறுமையாகிக்கொண்டிருக்கும். டேங்கை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது என்பது இதனால்தான்.

சொட்டைப் படிப்பது

வண்டியின் அடியில் ஈரம் கண்டதும் அது கூலன்ட் தானா என்று முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் மூக்கைத் துளைக்கும், தரையில் நிற்காமல் ஆவியாகிவிடும். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுக்கும். பிரேக் திரவம் படும் இடத்தில் பெயின்ட் உரியும். கூலன்ட் பச்சை, நீலம், சிவப்பு, இளஞ்சிவப்பு என ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். விரலில் வழுக்கும், இனிப்பு வாடை வீசும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ திரவத்தின் நிறத்திலோ ஒரு பொருக்கு படியும். சூடான சைலன்சர் குழாயில் விழும் கூலன்ட் தரைக்கு வராமலே ஆவியாகிவிடும் என்பதால், பல வண்டிகளில் ஒழுகலுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அந்தப் பொருக்கும் வாடையும்தான்.

சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. திரவம் புவியீர்ப்பால் கீழே இறங்கும், ஓடும்போது எதிர்க்காற்றால் பின்னால் தள்ளப்படும். ரேடியேட்டரில் கசிவது இன்ஜினின் அடியில் வந்து சொட்டலாம். அதனால் ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேட வேண்டும். ஆறிய இன்ஜினைக் கழுவித் துடைத்து உலரவிட்டு, சந்தேகமுள்ள இடங்களில் டால்கம் பவுடரை மெலிதாகத் தூவி, அடியில் சுத்தமான அட்டையை விரித்து வைத்தால், ஒரு சிறு ஓட்டத்துக்குப் பின் பவுடரில் விழுந்த கோடு ஒழுகும் வாயைக் காட்டிவிடும்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் ஒரு துப்பு. காலையில் மட்டும் சொட்டி, வண்டி சூடானதும் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் ஹோஸ் பொருத்தும் இடம். குளிரில் ரப்பரும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் விழும் இடைவெளி சூட்டில் அடைந்துகொள்கிறது. சூடான பிறகு மட்டும் ஒழுகினால், அழுத்தம் ஏறிய பின் திறந்துகொள்ளும் ரேடியேட்டர் துளை, மூடி, ஹோஸ் விரிசல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நின்ற சில நிமிடங்களில் டேங்கின் வழிகுழாயிலிருந்து மட்டும் சொட்டினால், டேங்கில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். அது பழுது ஆகாமலும் இருக்கலாம்.

வெளியே ஒழுகும் இடங்கள்

எளிதில் பார்க்கக்கூடிய, செலவு குறைந்த இடங்களிலிருந்து தொடங்கி உள்ளே போவதே பட்டறை வழக்கம்.

முதல் இடம் ஹோஸும் கிளாம்பும். ஆறிய இன்ஜினில் ஹோஸை நீளவாக்கில் அமுக்கிப் பார்க்க வேண்டும். நல்ல ரப்பர் அமுங்கி மீளும். காய்ந்த ரப்பர் விறைத்துக் கீறும். ஆயில் பட்ட ரப்பர் ஊறிப் போய்க் கொழகொழக்கும். இரண்டுமே மாற்ற வேண்டியவை. ஹோஸ் செருகும் குழாயின் நுனிக்குச் சற்று உள்ளே ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டிப் போயிருக்க வேண்டும், கிளாம்ப் அதற்கு உட்புறம் உட்கார வேண்டும். மேட்டின் மீதே கிளாம்பை வைத்து முறுக்கினால் கசிவு நிற்காது. ஒழுகுகிறதே என்று திருகை அளவுக்கு மீறி முறுக்குவதும் தவறு. பட்டை ரப்பரை அறுத்துப் புதிய ஒழுகலுக்கு வழிவிடும். பழைய ஹோஸைக் கழற்றும்போது அலுமினியக் குழாயில் படிந்த வெள்ளைத் துருவைச் சுரண்டித் துடைத்த பிறகே புதியதைச் செருக வேண்டும்.

இரண்டாவது ரேடியேட்டர். முன்சக்கரம் வாரி இறைக்கும் கல் நேராக அதன் மேல்தான் வந்து விழுகிறது. வண்டி சாய்ந்து விழும்போது முதலில் அடிபடுவதும் அதன் ஓரம்தான். குழாய்களுக்கு இடையே உள்ள மெல்லிய மடிப்புத் தகடு வளைந்தால் காற்றோட்டம் குறையும், ஆனால் ஒழுகாது. குழாயில் துளை விழுந்தால்தான் ஒழுகல். பழைய கார்களின் செம்பு, பித்தளை ரேடியேட்டரை ஈயப் பற்றவைப்பால் அடைத்துவிடலாம். பைக்கின் அலுமினிய ரேடியேட்டருக்கு அது ஒட்டாது. டிக் வெல்டிங் தெரிந்த கை வேண்டும், இல்லாவிட்டால் புதியது மாற்ற வேண்டும். எபாக்ஸிப் பசை வீடு வந்து சேரும்வரை தாங்கலாம். அதை நிரந்தரப் பரிகாரமாக நம்ப முடியாது. கூலன்டில் ஊற்றி ஒழுகலை அடைப்பதாக விற்கப்படும் திரவங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். துளையை அடைக்கும் துகளுக்குப் பைக் ரேடியேட்டரின் குறுகிய குழாயையும் அடைக்கத் தெரியும்.

மூன்றாவது வாட்டர் பம்ப். அதன் ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் இன்ஜின் ஆயில். இரண்டும் கலந்துவிடாமல் இருக்க ஒரே தண்டில் இரண்டு சீல்கள் இருக்கும்: கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், ஆயில் பக்கம் ஆயில் சீல். இரண்டுக்கும் நடுவிலிருந்து வெளியே திறக்கும் சிறு துளை ஒன்றைத் தயாரிப்பாளர் வேண்டுமென்றே விட்டிருப்பார். அந்தத் துளையில் கூலன்ட் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் தேய்ந்துவிட்டது. ஆயில் வந்தால் ஆயில் சீல் போய்விட்டது. துளையைச் சுற்றி லேசான கறை மட்டும் இருந்தால் கண்காணித்தால் போதும், சொட்டத் தொடங்கினால் பம்பைப் பிரிக்க வேண்டும். ஒழுகும் துளைதானே என்று எம்-சீல் பசை வைத்து அடைப்பது இந்தப் பழுதில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. வெளியேற வழியில்லாத கூலன்ட் அடுத்த சீலையும் தாண்டி ஆயிலில் இறங்கிவிடும்.

சீல் மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். மெக்கானிக்கல் சீலின் வழவழப்பான முகத்தில் எண்ணெய்க் கை படக் கூடாது. சுத்தியலால் தட்டி உட்கார வைக்காமல், சரியான விட்டமுள்ள கருவியால் சீராக அழுத்த வேண்டும். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் நெடுநாள் தாங்காது. பம்ப் மூடியின் ஓ-ரிங்கையோ கேஸ்கட்டையோ பழையதாகவே திரும்பப் போடக் கூடாது.

டிரெயின் போல்ட்டின் வாஷர், தெர்மோஸ்டாட் மூடியின் ஓ-ரிங், வெப்பநிலை சென்சாரின் பொருத்துவாய் ஆகியவையும் ஒழுகும். கூலன்ட் மாற்றிய சில நாளில் கசிவு தொடங்கினால் முதல் சந்தேகம் டிரெயின் போல்ட்டின் மேல் விழ வேண்டும். அதன் வாஷர் ஒருமுறை நசுங்கி அடைக்கும்படி செய்யப்பட்டது, ஒவ்வொரு முறையும் புதியது போட வேண்டும்.

ஆவியாகப் பறப்பது

எங்கும் ஈரம் இல்லை, மட்டம் மட்டும் குறைகிறது என்றால் அடுத்தது மூடி. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ரப்பர் வளையம் வெடித்தாலோ மூடி அழுத்தத்தைத் தாங்காது. கொதிநிலை கீழே இறங்கி, நெரிசலில் கூலன்ட் கொதித்து டேங்கின் வழியாகப் பொங்கி வழியும். பார்ப்பவருக்கு இன்ஜின் பழுது போலத் தெரியும் இதற்கு மூடியை மாற்றினால் போதும். புதிய மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். அதிக அழுத்தம் தாங்கும் மூடி நல்லதுதானே என்று போட்டால், ஹோஸும் ரேடியேட்டரும் அந்த அழுத்தத்தைச் சுமக்க வேண்டியிருக்கும்.

மின்விசிறி ஓடாததும், ரேடியேட்டரில் சேறு அடைத்திருப்பதும், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டதும் இதே போலக் கொதித்துப் பொங்க வைக்கும். அப்போது ஒழுகல் நோயல்ல, அறிகுறி. சூடேறுவதற்கான காரணத்தைத் தேடாமல் ஒழுகலை மட்டும் அடைப்பதில் பயன் இல்லை.

உள்ளே போவது

சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட், எரியும் வாயு, கூலன்ட், ஆயில் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்து வைக்கிறது. இன்ஜின் ஒருமுறை மிகையாகச் சூடாகி ஹெட் வளைந்தால் கேஸ்கட்டின் பிடி தளரும். வண்டி சூடான பிறகும் விடாமல் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருவது, மூடி திறந்த ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழி எழுவது, ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே ஹோஸ் கல்லாக இறுகுவது, ஸ்பார்க் பிளக் கழுவியது போல இருப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். குமிழியைப் பார்க்க விரும்பினால் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு அதன் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த காபி நிறத்தில் நுரை தெரிந்தாலே ஹெட்டைக் கழற்றிவிடக் கூடாது. மழைக்காலத்தில் தெருமுனைவரை மட்டும் ஓடும் வண்டியில் காற்றின் ஈரம் ஆயிலில் கலந்தும் லேசான நுரை வரும். பம்பின் சீல்கள் இரண்டும் போய், துளை அடைபட்டிருந்தாலும் ஆயில் பாலாகும். அது ஹெட் வேலையைவிட மிகக் குறைந்த செலவு. பம்பைப் பார்த்த பிறகே ஹெட்டுக்குப் போக வேண்டும். கூலன்ட் கலந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது. பேரிங்குகளுக்குத் தேவையான வழுவழுப்பு அதில் இருக்காது.

ஹெட் கழற்றியாக வேண்டிய நிலையில், முகத்தின் மேல் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் வளைவை அளக்க வேண்டும். பல இன்ஜின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கும். அதைத் தாண்டினால் முகத்தைச் சமன்படுத்த வேண்டும் அல்லது ஹெட்டை மாற்ற வேண்டும். புதிய கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் குறுக்கு வரிசையில், படிப்படியாக, கையேட்டில் சொல்லிய அளவுக்கு முறுக்க வேண்டும். கை அளவில் முறுக்கிய ஹெட் மீண்டும் ஒழுகும்.

அழுத்தச் சோதனை

கண்ணால் கண்டுபிடிக்க முடியாதபோது பட்டறைகள் கைபம்பும் அளவுமானியும் சேர்ந்த கருவியை எடுக்கின்றன. இன்ஜின் ஆறிய நிலையில் ரேடியேட்டர் வாயில் அதைப் பொருத்தி, மூடியில் பொறித்த அழுத்தம்வரை, அதற்கு மேல் போகாமல், பம்ப் செய்வார்கள். சில நிமிடங்கள் முள் அசையாமல் நின்றால் பாதை சரி. முள் இறங்கினால் எங்கோ ஈரம் வெளிப்பட வேண்டும். முள் இறங்கியும் வெளியே சொட்டு ஈரம் இல்லையென்றால் திரவம் இன்ஜினுக்குள் போகிறது. அப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றினால், சிலிண்டரில் சேர்ந்த கூலன்ட் பிளக் துளை வழியே தெளித்து வெளியே வரும். மூடியையும் இதே கருவியால் சோதிக்கலாம்.

மீண்டும் நிரப்புவது

பழுது தீர்ந்த பின் ஊற்றுவதிலும் பிழைகள் நடக்கின்றன. கூலன்ட் அடர்வாக வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். கலந்தே விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. போர்வெல் தண்ணீர் ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். வெறும் தண்ணீரில் துருவைத் தடுக்கும் பொருளும் இருக்காது. உறைபனி விழும் உதகை மார்கழியிலும் லடாக் பயணத்திலும் அது உறைந்து விரிந்து உலோகத்தையே பிளக்கக்கூடும். நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு கூலன்ட்டுகள் ஒரே வகை ஆகிவிடாது. கையேடு சொல்லும் வகையையே ஊற்ற வேண்டும், சொல்லும் இடைவெளியில் மாற்றவும் வேண்டும்.

200 முதல் 400 சி.சி. வரையுள்ள பைக்குகளில் மொத்தக் கூலன்ட்டே ஒரு லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் உள்ளே சிக்கும் சிறு காற்றுக்குமிழியும் பெரிய தொல்லை. மெதுவாக ஊற்றி, ஹோஸை அமுக்கிவிட்டு, வண்டியை இருபுறமும் சாய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று நீக்கும் திருகு இருந்தால் குமிழியில்லாமல் திரவம் வரும்வரை அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். பிறகு மூடியைத் திறந்தபடியே சில நிமிடம் ஓடவிட்டு, இறங்கும் மட்டத்தை நிரப்பி மூட வேண்டும். அடுத்த நாள் காலையில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. சென்சார் இருக்கும் இடத்தில் திரவம் இல்லாமல் காற்று நின்றால் டெம்பரேச்சர் முள் இறங்கிக் காட்டும், இன்ஜினோ வெந்துகொண்டிருக்கும்.

வழியில் நின்றால்

சூட்டு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். ரேடியேட்டரைக் கை வைத்துத் தொட முடிகிற வரை மூடியைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் சூடான கூலன்ட், மூடி திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் பொசுக்கிவிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். ஆறிய பின், வேறு வழியில்லாதபோது, சுத்தமான குடிநீரை ஊற்றி அருகிலுள்ள பட்டறைவரை மெதுவாகப் போகலாம். பின்னர் அதை வடித்து முறையான கூலன்ட் நிரப்ப வேண்டும். கசியும் திரவம் பின்சக்கரத்தில் படுகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. கிளைக்கால் டயரை வழுக்க வைக்கும். பந்தயத் தடங்கள் பலவற்றில் கிளைக்கால் கூலன்டுக்குத் தடை இருப்பதும் இதனால்தான்.

எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதன் இனிப்புச் சுவைக்கு நாய், பூனைகள் இழுக்கப்படும். சிறிதளவு உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழந்து இறக்கும். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைக்கவோ, சாக்கடையில் கொட்டவோ, குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவோ கூடாது. வாயால் உறிஞ்சி எடுப்பது உயிருக்கே ஆபத்து. குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேலை முடிந்த அன்று, ரிசர்வ் டேங்கின் வெளிப்புறத்தில் மட்டம் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டம் ஏறும் என்பதால், காலையில் வண்டியை எடுக்கும் முன், அதை நிமிர்த்தி நிறுத்தி அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். காற்று முழுவதும் வெளியேறும்வரை முதல் ஓரிரு நாள் சற்று இறங்கலாம், அதை நிரப்பிக்கொள்ளலாம். அதன் பிறகு ஒரு வாரம் மட்டம் கோட்டிலேயே நின்றால், ஒழுகல் நின்றுவிட்டது.